தேர்வு திறந்த வாயில்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் செவிலியரும் 2015ஆம் ஆண்டு எழுத்துத் தேர்வும்

சென்னை மாகாணத்தில் செவிலியர் பதிவை முறைப்படுத்தியது 1926ஆம் ஆண்டுச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டமாகும். ஆயினும் அரசுப் பணிக்கெனத் தனித்தேர்வு நெடுங்காலம் இல்லை. அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் பயின்றோரே பெரும்பாலும் பணியமர்த்தப்பட்டனர்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூரிலும், அதிலிருந்து 2007இல் பிரிந்த அரியலூரிலும் இம்முறையின் சுமை மிகுதி எனலாம். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022இல்தான். பெரம்பலூரில் செவிலியர் கல்வி பெரிதும் தனியார் கல்லூரிகளைச் சார்ந்து வளர்ந்தது. கட்டணம் செலுத்திப் பயின்ற வானம் பார்த்த பூமியின் உழவர் மகளுக்கு அரசுப் பணி எட்டாக்கனியாயிற்று.

2012இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2015இல் 7,243 இடங்களுக்கு நடத்திய எழுத்துத் தேர்வு இத்தடையை நீக்கியது. தனியார் கல்லூரியில் பயின்றோரும் அரசுப் பள்ளியில் பயின்றோரும் ஒரே வினாத்தாளை எழுதினர். இதைச் சமநீதியின் வெற்றியாகக் கொள்வோர் பணி ஆணையையும் நோக்குதல் வேண்டும்: தேறியோர்க்குக் கிடைத்தது மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணி. முன்னர்ச் சிலர்க்கே உரியதாயிருந்த வாயில் பலர்க்கும் திறந்தபோது, உள்ளிருந்த இருக்கை நிலையற்றதாக மாறியிருந்தது. 2017 நவம்பரில் அச்செவிலியர் சென்னையில் திரண்டு முன்வைத்த முதற்கோரிக்கை பணி நிரந்தரமே.