சீனியும் நாமும்

நம்மவர் வீடுகளில் விருந்தாளி வந்தால் முதலில் அடுப்பில் ஏறுவது தேத்தண்ணிக் கேத்தல். அதில் சீனி குறைந்தால் மனமும் குறைவு என்று எண்ணுவது நமது பழக்கம். இந்தச் சீனி நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது, அதற்கு மாற்றாக நாம் எதை நாடலாம் என்பதை வரலாற்று வழியே இன்று பார்ப்போம்.

கரும்பின் தாயகம் நியூகினித் தீவு என்பது அறிஞர் முடிவு. அங்கிருந்து அது இந்தியாவுக்கு வந்தது. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் பாடிய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலையை உலகுக்குக் கற்றுக் கொடுத்ததும் இந்தியாதான். 'சர்க்கரா' என்ற வடசொல்லே மேல்நாட்டு மொழிகளில் சர்க்கரையைக் குறிக்கும் சொற்களுக்கு வேராயிற்று. ஆனால் அந்நாளில் இனிப்பு அன்றாட உணவு அல்ல. பொங்கலுக்கும் திருமணத்திற்கும் வெல்லம், மருந்துக்குத் தேன் என்ற அளவில்தான் இருந்தது.

மலாயாவுக்கு நம்மவர் முதன்முதலில் ரப்பர் மரம் சீவவா வந்தார்கள்? பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ரப்பருக்கு முன்னே கரும்பு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பினாங்கை அடுத்த புரோவின்ஸ் வெல்லஸ்லியில், அதாவது இன்றைய செபராங் பிறையில், பெரிய கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. நிபோங் திபாலை அடுத்த கலிடோனியா அவற்றுள் ஒன்று. அங்கே வேலை செய்ய நாகப்பட்டினத்திலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். வெட்டிய கரும்பு விரைவில் கெட்டுவிடும். ஆகவே அதை உடனே ஆலையில் பிழிந்து காய்ச்ச வேண்டும். வெயிலில் வெட்டுவதும் கொதிக்கும் கொப்பரையருகே நிற்பதும் அவர்கள் பங்காயிற்று. 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 'டுரூரோ' கப்பலில் சென்றவர்களும் கரும்புத் தோட்டங்களுக்கே சென்றார்கள். 1910இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. அதே காலத்தில் கரும்பு நின்ற இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது.

சிலாங்கூரிலும் ரப்பர் பரவியது. பத்தாங் காலி, உலு சிலாங்கூர்ப் பக்கம் ரப்பர். கோல சிலாங்கூர்க் கடலோரம் தென்னை. 1917இல் அன்றைய பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தொழிலாளிக்குச் சுடச்சுடத் தேத்தண்ணியும் கொஞ்சம் சீனியும் மலிவான பலம். டின் பாலும் வந்து சேர்ந்தது. கெடாமல் இருப்பதற்கென்றே அதில் சீனி நிறையச் சேர்க்கப்படுகிறது. அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சேர்த்த சீனிதான். மைல் கணக்கில் நடந்து மரம் சீவிய உடம்பு அதை எரித்துவிட்டது.

தென்னையின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும்; காய்ச்சினால் கருப்பட்டியாகும். மலாய்க்காரர்களின் குலா மலாக்காவும் இதற்கு உறவுதான். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு கள்ளாகிவிடும். தோட்டக் கள்ளுக்கடை எத்தனைக் குடும்பங்களின் கூலியை விழுங்கியது என்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். தங்கள் உடம்புக்குள் போவதைப் பற்றித் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்ற விழிப்பு அது.

அந்த விழிப்பு இன்று சீனியின் பக்கம் திரும்ப வேண்டும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, நம்மவர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். நடை குறைந்தது, சீனி குறையவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. 2023இல் அது 15.6 விழுக்காடு. இரண்டு ஆய்வுகளிலும் இந்தியரிடையே அது மற்ற இனத்தாரைவிட அதிகம். 2019 ஜூலை முதல் நாளிலிருந்து, 100 மில்லி லிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது உயர்த்தப்பட்டது.

சீனி குறைந்தால் பலன் உண்டா என்பதற்கு வரலாறே சாட்சி சொல்கிறது. உலகப் போரை ஒட்டிப் பிரிட்டனில் சீனி பங்கீட்டு முறையில் கொடுக்கப்பட்டது. 1953இல் அது நீங்கியது. தாய் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுக் காலத்தைக் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இனிப்பு நீர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்படியானால் சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? வெல்லம், கருப்பட்டி, குலா மலாக்கா, தேன் ஆகியவற்றில் மணமும் சிறிது தாதுப்பொருளும் உண்டு. ஆனால் பெரும்பகுதி சர்க்கரையே. நிறம் மாறினால் குணம் மாறிவிடாது. 1879இல் கண்டுபிடிக்கப்பட்ட சாக்கரின் போன்ற செயற்கை இனிப்புகளை உடல் எடை குறைக்க நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. முன்பே இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டு நடப்பது நலம்.

நல்ல மாற்று நம் கொல்லையிலேயே இருக்கிறது. பப்பாளி, கொய்யா, ஒரு சிறு வாழைப்பழம், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றில் இனிப்போடு நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது. இனிப்பு நீர் உள்ளவர்கள் இவற்றையும் அளவோடுதான் உண்ண வேண்டும். பச்சைப்பயற்றுக் கஞ்சியில் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்தால் பாதி வெல்லம் போதும். தேத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போட்டால் சீனியின் குறை தெரியாது.

கணக்கும் எளிது. ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குள் சீனி இருப்பது மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நான்கு முறை தேத்தண்ணி குடித்தால் எட்டாகிவிடும். இந்த வாரம் இரண்டை ஒன்றரையாக்குவோம், அடுத்த வாரம் ஒன்றாக்குவோம். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். முக்கியமாக, கைக்குழந்தையின் பாலில் சீனி போடாதிருப்போம்.

நம் பாட்டன்மார் பிறருக்காகக் கரும்பு வெட்டினார்கள். எவ்வளவு வெட்டுவது என்பது அவர்கள் கையில் இல்லை. நம் வீட்டுக் கரண்டியோ நம் கையில்தான் இருக்கிறது.