சார்ஜரில் ஒரு ஸ்க்ரூகூட இல்லையே... அப்போ எப்படி மூடியிருக்காங்க?

உங்க மொபைல் சார்ஜரை ஒருமுறை திருப்பிப் பாருங்க. நாலு பக்கம் தேடினாலும் ஸ்க்ரூ கண்ணில் படாது. மெல்லிசா ஒரு கோடு மட்டும் ஓடும். அச்சில் வார்த்த இரண்டு பிளாஸ்டிக் ஓடுகள் சேர்ந்த இடம் அது. பசை போட்டு ஒட்டியிருப்பாங்கன்னுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலும் அதை ஒட்டியது அதிர்வு.

அதிர்வு எப்படி ஒட்டும்?

இதற்கு அல்ட்ராசோனிக் வெல்டிங் என்று பெயர். நம்ம காதுக்கு நொடிக்கு சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். இந்த மெஷின் பொதுவாக 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 20,000 முதல் 40,000 முறை அதிரும். ‘ஹார்ன்’ எனப்படும் உலோகக் கட்டை ஓட்டின் மேல் அழுத்திக்கொண்டு அதிர வேண்டும், அவ்வளவுதான்.

சூட்சுமம் ஓட்டின் விளிம்பில் இருக்கு. அங்கே வயல் வரப்பு மாதிரி, முக்கோண வடிவில் பொடிசா ஒரு மேடு வார்த்திருப்பாங்க. அதிர்வின் மொத்த சக்தியும் அந்த முனையில் குவிந்து சூடாகி, மேடு உருகி இடைவெளியில் பரவும். அதிர்வை நிறுத்தியதும் அழுத்தத்திலேயே இறுகிவிடும். பெரும்பாலும் ஒரு நொடிக்குள் வேலை முடிஞ்சிடும். பசை காயக் காத்திருக்க வேண்டாம்.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒட்டுமா?

ஒட்டாது. சூட்டில் உருகும் வகையாக இருக்கணும், இரண்டும் ஒரே இனமாகவோ ஒத்துப்போகிற இனமாகவோ இருக்கணும். பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் பசை சரியாகப் பிடிக்காததை வீட்டிலேயே பார்த்திருப்பீங்க. அதன் மேற்பரப்பில் பசை பரவாது. உருக்கினால் மட்டும் தன்னோடு தானே சேரும். கார் டெயில் லைட்டின் கண்ணாடி போன்ற மூடியையும் பின்பக்க ஓட்டையும் பல இடங்களில் சூடான தட்டில் விளிம்பை உருக்கி, சட்டென அழுத்தித்தான் சேர்க்கிறாங்க.

பிவிசி பைப் கதை வேற. நாம ‘பசை’ என்று சொல்லும் சால்வென்ட் சிமென்ட், பைப்பின் மேற்பரப்பையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும். ரிமோட்டின் பேட்டரி மூடிக்கு ஒரு கொக்கியே போதும், டக்கென மாட்டிக்கொள்ளும்.

திறக்க முடியலையே, ஏன்?

வெல்டிங் செய்த ஓட்டைத் திறக்கணும்னா உடைக்கத்தான் வேண்டும். சார்ஜருக்கு அது நல்லது. உள்ளே ஓடுவது 230 வோல்ட், தடுப்பது அந்த ஓடுதான். கோடு விரிந்தால் டேப் சுற்றிப் பயன்படுத்தாதீங்க, மாற்றிடுங்க.

ஆனால் வயர்லெஸ் இயர்பட்? பேட்டரி செத்தால், மூடிய ஓட்டால் முழுசும் குப்பைக்குப் போகுது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் புதிய பேட்டரி சட்டம் கொண்டுவந்தது. 2027 பிப்ரவரி 18 முதல், சில விதிவிலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடியணும். அதற்காக ஓட்டை சூடாக்கவோ, கரைப்பான் ஊற்றவோ வேண்டியிருக்கக் கூடாது.