பட்டம் வாங்கிவிட்டுப் புறப்பட்டவர்கள்

1896 அக்டோபர். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபீல்டிங் யோஸ்ட் என்ற இளைஞர், பென்சில்வேனியா மாநிலத்தில் ஈஸ்டன் ஊரிலிருக்கும் லஃபாயெட் கல்லூரிக்குத் திடீரென்று மாறினார். முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியுடன் லஃபாயெட் மோதவிருந்த நேரம் அது. யோஸ்ட் களமிறங்கினார். லஃபாயெட் 6-4 என்ற கணக்கில் வென்றது. அடுத்த சில நாட்களில் அவர் மேற்கு வர்ஜீனியாவுக்கே திரும்பி, 1897ல் அங்கே சட்டப் பட்டமும் பெற்றுவிட்டார்.

இப்படி ஒரே ஓர் ஆட்டத்துக்காகக் கல்லூரி மாறுவது அன்று விதிமீறல் ஆகவில்லை. தடுக்கும் விதி என்று ஒன்று இருந்தால்தானே?

இங்கே கால்பந்து என்பது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னேறும் அமெரிக்க ஆட்டம். 1869ல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியிலிருந்து அதன் வரலாற்றைக் கணக்கிடுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்குள் அது கல்லூரிகளின் மானப் பிரச்சினையாக வளர்ந்துவிட்டது. வலுவான ஆள் எங்கிருந்தாலும் கூட்டிவந்து சட்டை மாட்டிவிடுவார்கள். வகுப்புப் பக்கமே தலைகாட்டாதவர்களும் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். ‘நாடோடி வீரர்கள்’ என்று பத்திரிகைகள் அவர்களைத் திட்டின.

இதற்கு முதலில் கடிவாளம் போட முயன்றது நடுமேற்குப் பகுதி. 1895 ஜனவரியில் ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் விடுதியில் கூடினார்கள். இன்று ‘பிக் டென்’ எனப்படும் கூட்டமைப்பு அந்தச் சந்திப்பிலிருந்துதான் பிறந்தது. 1905ல் ஆட்டக்களத்தில் இளைஞர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தபோது குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியிருந்தது. என்.சி.ஏ.ஏ. என்று பின்னாளில் பெயர்பெற்ற தேசிய அமைப்பு அந்தக் கொந்தளிப்பில்தான் உருவானது. அதே வேகத்தில் 1906ல் நடுமேற்குக் கூட்டமைப்பு ஒரு கடுமையான விதியைக் கொண்டுவந்தது. கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு படித்த பிறகே எவரும் ஆடலாம். மொத்தம் மூன்று ஆண்டுகளே ஆடலாம்.

அப்போது யோஸ்ட் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். 1901 முதல் 1905 வரை அவருடைய அணி தோற்றது ஒரே ஓர் ஆட்டத்தில். புதிய விதிகள் பிடிக்காமல் மிச்சிகன் கூட்டமைப்பை விட்டே வெளியேறியது. மீண்டும் சேர்ந்தது 1917ல்.

அந்த ஓராண்டு விதியின் நோக்கம் நேர்மையானது. முதலில் மாணவனாக இரு, பிறகு வீரனாக இரு என்பதே அதன் சாரம். வேறு கல்லூரியிலிருந்து வருகிறவன் ஓராண்டு வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதிக் காட்டட்டும் என்று கேட்டதில் தவறு காண முடியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்த ஒழுங்கு குலைந்தது. கடற்படை தன் பயிற்சி மாணவர்களைத் தனக்கு வசதிப்பட்ட கல்லூரிகளில் குடியேற்றியதால், 1942ல் விஸ்கான்சின் அணியில் மின்னிய எல்ராய் ஹிர்ஷ் 1943ல் மிச்சிகன் அணியில் ஆடினார். போர் முடிந்ததும் பழைய கட்டுப்பாடு திரும்பியது.

திரும்பிய விதி மெல்ல மெல்லக் கல்லூரிகளின் கருவியாக மாறியது என்பதுதான் இந்த வரலாற்றில் வருத்தமான பகுதி. 1956ல் விளையாட்டுத் திறமைக்கென்றே முழு உதவித்தொகை தர என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. 1973ல் அந்த உதவித்தொகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய ஒன்றாகச் சுருங்கியது. கல்லூரி ஒரு வீரரை ஓராண்டோடு கைகழுவலாம். வீரர் கல்லூரியைக் கைகழுவினாலோ, புதிய இடத்தில் ஓராண்டு ஓரமாக உட்கார வேண்டும். போதாததற்கு, விடுவிப்புக் கடிதம் தரும் அதிகாரமும் பழைய கல்லூரியிடமே இருந்தது. ‘எங்கள் எதிரணிகளுக்கு மட்டும் போகக் கூடாது’ என்று பயிற்சியாளர்கள் பட்டியல் போட்டுத் தடுத்தார்கள். அதே பயிற்சியாளர்கள் கூடுதல் சம்பளம் கிடைத்தால் ஒரே இரவில் ஊர் மாறினார்கள். லேன் கிஃபின் என்ற பயிற்சியாளர் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஒரே பருவம் இருந்துவிட்டு 2010 ஜனவரியில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, கொதித்தெழுந்த மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவரை நம்பி வந்த வீரர்கள் போக நினைத்திருந்தால் ஓராண்டைப் பலி கொடுத்திருக்க வேண்டும்.

1951 முதல் 1987 வரை என்.சி.ஏ.ஏ.வை நடத்திய வால்ட்டர் பையர்ஸ், ஓய்வுபெற்ற பின் 1995ல் எழுதிய நூலில், தான் கட்டியெழுப்பிய அமைப்பையே கடுமையாகச் சாடினார். உள்ளிருந்து பார்த்தவரின் சாட்சியம் என்பதால் அதற்கு எடை அதிகம்.

ஓராண்டு உட்கார்ந்தும் வென்றவர்கள் உண்டு. ஓக்லஹோமாவில் 1985ல் கால் முறிந்து, இடத்தையும் இழந்த ட்ராய் எய்க்மன் யூ.சி.எல்.ஏ.வுக்கு மாறி, 1986 முழுவதும் காத்திருந்து, பிறகு இரண்டு பருவங்கள் ஆடி, 1989ல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

ஆனால் அந்த ஓராண்டு உண்மையில் படிப்பைக் காத்ததா? 1989ல் அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்றின் முன் வாஷிங்டன் தொழில்முறை அணியின் நட்சத்திரம் டெக்ஸ்டர் மேன்லி நின்றார். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடியவர். அந்த ஆண்டுகளில் தனக்கு வாசிக்கவே தெரியாது என்று கண்ணீரோடு சொன்னார். அவர் எங்கும் மாறவில்லை. ஒரே கல்லூரியில்தான் இருந்தார். மாறாமல் இருந்தாலே கல்வி கிடைத்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அந்தச் சாட்சியம் ஒன்றே போதும். 1990ல் விளையாட்டு வீரர்களின் பட்டத் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்காக முன்னின்ற காங்கிரஸ் உறுப்பினர்களில் பில் பிராட்லி, டாம் மெக்மில்லன் இருவரும் ஒரு காலத்தில் கூடைப்பந்து வீரர்கள்.

2006ல் ஒரு புதிய வழி திறந்தது. இளங்கலைப் பட்டத்தை முடித்துவிட்டு, ஆடும் தகுதி இன்னும் மிச்சமிருக்கும் வீரர், முதுகலை படிக்க வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து உடனே ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. கல்லூரிகள் பதறின. அடுத்த ஆண்டே விதியைத் திரும்பப் பெற வைத்தன. ஆனாலும் கதவு முழுதாக மூடவில்லை. பழைய கல்லூரியில் இல்லாத முதுகலைப் படிப்பில் சேர்கிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு என்ற இடைவெளி மிஞ்சியது. அந்த இடைவெளி வழியாக வந்தவர்களைப் பார்த்தால், நூற்றாண்டுக் குழப்பத்தில் இதுவே மிகச் சரியான ஏற்பாடு என்று சொல்லத் தோன்றுகிறது. இருப்பதா போவதா என்ற கேள்விக்கு, முடித்துவிட்டுப் போ என்று அது விடை சொன்னது.

ரஸல் வில்சன் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டுகளில் பட்டம் முடித்தார். பேஸ்பாலும் ஆடிக்கொண்டிருந்த அவருக்குப் பதில் இன்னொரு இளைஞரை, தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்காக வைத்துக்கொள்ளப் பயிற்சியாளர் முடிவு செய்தார். 2011ல் வில்சன் விஸ்கான்சினுக்குப் போய், அந்த அணியை ரோஸ் பௌல் என்ற பெரும் போட்டி வரை கொண்டுசென்றார். மூன்று ஆண்டுகளுக்குள், தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்ற அணியை வழிநடத்தினார்.

ஜோ பர்ரோ ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் இடத்துக்கான போட்டியில் பின்தங்கினார். அவரும் மூன்று ஆண்டுகளில் பட்டத்தை வாங்கிக்கொண்டு 2018ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

ஜேலன் ஹர்ட்ஸின் கதை இவர்கள் இருவருடையதையும்விட ஆழமானது. 2018 ஜனவரியில் தேசிய இறுதிப்போட்டியின் இடைவேளையில், நாடே பார்த்துக்கொண்டிருக்க, அலபாமாவின் பயிற்சியாளர் அவரை உட்கார வைத்துவிட்டு முதலாண்டு மாணவர் ஒருவரை இறக்கினார். அந்த இளைஞர் ஆட்டத்தை வென்று கொடுத்தார். ஹர்ட்ஸ் அப்போதே பெட்டியைக் கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் உட்கார்ந்தபடி பட்டத்துக்கு மிச்சமிருந்த பாடங்களை முடித்தார். 2018 டிசம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிரான கூட்டமைப்பு இறுதிப்போட்டியில், தன் இடத்தைப் பிடித்தவர் காயமடைந்து வெளியேற, இறங்கி ஆட்டத்தைத் திருப்பினார். அதே மாதம் பட்டமும் பெற்றார். அதன் பிறகுதான் ஓக்லஹோமாவுக்குப் புறப்பட்டார். 2023ல் அங்கே முதுகலைப் பட்டமும் அவர் பெயருக்கு வந்தது.

2019 டிசம்பர் 28 அன்று தேசிய அரையிறுதியில் லூசியானாவும் ஓக்லஹோமாவும் மோதின. ஒருபுறம் பர்ரோ, மறுபுறம் ஹர்ட்ஸ். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் அந்த ஆண்டு முதலிடமும் இரண்டாமிடமும் இவர்களுக்கே. இருவரும் இளங்கலையை வேறு இடத்தில் முடித்துவிட்டு வந்தவர்கள். பர்ரோ முதல் பாதியிலேயே, புள்ளி தரும் டச்டவுன் வீச்சுகள் ஏழை வீச, லூசியானா 63-28 என்று வென்றது. கல்லூரி மாறினால் கல்வி கெடும் என்று சொல்லிவந்தவர்களுக்கு எதிராக இதைவிட நல்ல வாதத்தை எந்த வழக்கறிஞரும் வைத்திருக்க முடியாது.

அதற்குள் மற்ற வேலிகளும் சரியத் தொடங்கியிருந்தன. 2018 அக்டோபர் 15 அன்று ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற கணினிப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. பெயரைப் பதிவு செய்தால் போதும், பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லை. 2021ல் ஒருமுறை மட்டும் ஓராண்டு காத்திருப்பு இல்லாமல் மாறலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்கு விற்றுப் பணம் பெறலாம் என்றும் ஆனது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் காத்திருப்பு விதிக்குத் தடை விதித்தது. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. பணிந்தது. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. 2025-26 முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் பகிர்ந்து கொடுக்கலாம் என்றானது; அந்த முதல் ஆண்டின் வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். யோஸ்ட் ஒரு வெற்றிக்காகப் புறப்பட்டுச் சென்ற அதே மேற்கு வர்ஜீனியாவில் அந்தப் பயணத்துக்கு எதிராக எழுந்த விதி முடிவுக்கு வந்தது தற்செயல்தான், ஆனாலும் மனத்தில் நிற்கிறது.

வீரர்களுக்குக் கிடைத்த சுதந்திரம் நியாயமானது. பயிற்சியாளர் லிங்கன் ரைலி 2021 இறுதியில் ஓக்லஹோமாவை விட்டுத் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் சில வாரங்களில் அவர் பின்னாலேயே போக முடிந்தது. 2022ல் அவருக்கே ஹைஸ்மன் விருது. அமைப்பு முழுவதும் தன் நலத்துக்காக நகரும்போது பத்தொன்பது வயதுப் பையனை மட்டும் கட்டிப்போடுவது அநீதி.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. என்.சி.ஏ.ஏ. விதிப்படி, இரண்டாண்டு முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 விழுக்காட்டையும், மூன்றாண்டு முடிவில் 60 விழுக்காட்டையும், நான்காண்டு முடிவில் 80 விழுக்காட்டையும் வீரர் முடித்திருக்க வேண்டும். பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாட அலகு) என்று வைத்துக்கொண்டால் இரண்டாண்டு முடிவில் 48 தேவை. ஒரு மாணவர் 60 கிரெடிட்டோடு புறப்படுகிறார். புதிய பல்கலைக்கழகம் அவற்றில் 15ஐத் தன் பட்டத்துக்குப் பொருந்தாது என்று ஒதுக்கினால் மிஞ்சுவது 45. ஒழுங்காகப் படித்தவர் ஒரே நாளில் தகுதி இழந்தவராகிறார். அப்போது அவருக்கு முன்னிருக்கும் எளிய வழி, எந்தக் கிரெடிட்டையும் ஏற்கும் பொதுப்படையான பட்டப் பிரிவுக்குத் தாவுவது. பொறியியல் படிக்க நினைத்தவரின் ஆசை அங்கே முடிந்துபோகும். பல பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டம் வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு பாடங்களைத் தங்களிடமே படிக்க வேண்டும் என்கின்றன. அதனால் ஒவ்வொரு மாற்றமும் பட்டத்தைத் தள்ளிப்போடும். ஆடும் காலம் மட்டும் தள்ளிப்போவதில்லை.

இந்த இழப்பு புள்ளிவிவரங்களில் தெளிவாகத் தெரிவதில்லை. அரசின் கணக்கில், மாறிப்போனவர் முதல் கல்லூரியில் பட்டம் பெறாதவர். வேறிடத்தில் முடித்திருந்தாலும் அப்படியே. என்.சி.ஏ.ஏ. கணக்கிலோ, நல்ல மதிப்பெண்ணோடு வெளியேறியவர் பழைய கல்லூரியின் கணக்கிலிருந்தே நீக்கப்படுகிறார். வழியில் அவர் இழந்த பாடங்களை இரண்டும் எண்ணுவதில்லை.

கல்வியைப் பின்னர் மீட்டவர்களும் இருக்கிறார்கள். பட்டம் முடிக்காமலே தொழில்முறைக்குப் போன எம்மிட் ஸ்மித், மூன்று சூப்பர் பௌல்களை வென்ற பிறகு 1996ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். எய்க்மன் 2009ல் தன் யூ.சி.எல்.ஏ. பட்டத்தை முடித்தார். அவர்களிடம் பணமும் புகழும் நேரமும் இருந்தன. கல்லூரியோடு ஆட்டம் முடிந்துபோகிற பெரும்பாலான வீரர்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் மாற நினைக்கும் வீரருக்கு இன்று கையெழுத்துக்கு முன் வைக்கப்படும் பணத்தாளோடு இன்னொரு தாளும் சேர வேண்டும். எந்தப் பட்டம், எத்தனை கிரெடிட் ஏற்கப்படும், எந்தப் பருவத்தில் பட்டம் முடியும் என்று புதிய பல்கலைக்கழகத்தின் பதிவாளர் எழுத்தில் தரும் உறுதி. சம்பளப் பேச்சில் வீரருக்காகப் பேசும் முகவர்கள் இதையும் கேட்டு வாங்கலாம். கேட்பதற்கு அவர்களைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.