ஓட்டே போடாதவரின் ஓட்டுக்கணக்கு

அல்வா, அருவி, தாமிரபரணின்னு திருநெல்வேலிக்காரன் பீத்திக்க நிறைய இருக்கு. இன்னொன்னும் இருக்கு, அதை யாரும் பெருசா சொல்றதில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குச் சபாநாயகர் சப்ளை பண்றது எங்க சீமைதான்! 1962ல் செல்லப்பாண்டியன் (வண்ணார்பேட்டையில் சிலையா நிக்கிறாரே, அவரேதான்). 1985ல் பி.எச்.பாண்டியன். 2006ல் அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன். 2021ல் ராதாபுரம் அப்பாவு.

இந்த நாலு பேரில் பி.எச்.பாண்டியன் பேரைச் சொன்னா எங்க ஊர்ப் பெருசுகளுக்கு உடனே ரெண்டு வார்த்தை ஞாபகம் வரும்: 'வானளாவிய அதிகாரம்'. கேலியாச் சொல்றவங்களும் உண்டு, பெருமையாச் சொல்றவங்களும் உண்டு. அந்த அதிகாரத்தை வச்சு மனுஷன் என்னதான் செஞ்சாருன்னு நிதானமா எழுதிப் பார்க்கணும்னு ரொம்ப நாளா எனக்கு ஆசை.

முதல்ல ஆளைப் பத்திக் கொஞ்சம். கடையம் பக்கத்துக் கோவிந்தப்பேரிக்காரர். வக்கீல். சேரன்மகாதேவி தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் 1977, 1980, 1984ன்னு வரிசையா மூணு வெற்றி. நாலாவது 1989ல், அதுக்குப் பிறகு வர்றேன். 1980லிருந்து துணை சபாநாயகர், 1985லிருந்து 1989 வரை சபாநாயகர். 1999ல் திருநெல்வேலி எம்.பி. 2020 ஜனவரியில் காலமானார். அவரை ஜெயிக்க வச்ச சேரன்மகாதேவி தொகுதியும் 2008 தொகுதிச் சீரமைப்பில் காணாமப் போச்சு.

ஒரு எம்.எல்.ஏ.வை எடை போடணும்னா எந்த மசோதாவுக்குக் கை தூக்கினாரு, எதுக்கு எதிர்த்தாருன்னு பார்ப்போம். சபாநாயகர் விஷயத்தில் அது நடக்காது. அரசியல் சட்டம் 189வது பிரிவின்படி அவருக்கு முதல் சுற்றில் ஓட்டே கிடையாது. ரெண்டு பக்கமும் சமமா வந்து நின்னாத்தான் அவர் ஓட்டு. அப்போ அவர் கணக்கை எங்கே தேடுறது? என்னைக் கேட்டா, யார் யாரை ஓட்டுப் போட விட்டாரு, யாரை விடலைங்கிறதில்தான்.

மூணு சம்பவம் சொல்றேன்.

ஒண்ணு: 1986 டிசம்பர். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தி.மு.க.வினர் அரசியல் சட்டத்தின் 17வது பகுதியை (ஆட்சிமொழி பற்றியது) நகலெடுத்து எரிச்சாங்க. அரசியல் சட்டத்தின் மேல உறுதிமொழி எடுத்தவங்க அதையே எரிக்கலாமான்னு கேள்வி வந்துது. க.அன்பழகன் உட்பட பத்து எம்.எல்.ஏ.க்கள் தீர்மானம் போட்டு வெளியேற்றப்பட்டாங்க. ஒருநாள் சஸ்பெண்ட் இல்லைங்க, பதவியே காலி. கேள்வி நியாயமானதுதான். ஆனா அந்தப் பத்துத் தொகுதி மக்கள் யாரையும் எரிக்கலையே! பேச ஆளில்லாமப் போனது அவங்களுக்குத்தான்.

ரெண்டு: 1987 ஏப்ரல். இது உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்துது. மேடையில் இருக்கிறவங்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரின்னு அடையாளம் சொல்ற கிண்டல், அவ்வளவுதான். மன்னிப்புக் கேளுன்னாங்க. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மாட்டேன்னார். மூணு மாசம் கடுங்காவல்! நாடு முழுக்கக் கண்டனம் கிளம்பவும் ரெண்டு மூணு நாளில் விட்டுட்டாங்க. அவரு விடலை, கோர்ட்டுக்குப் போனாரு. 1994ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லுச்சு. தொகை சின்னது, அடி பெருசு. இதுக்கும் முன்னால 'வணிக ஒற்றுமை' பத்திரிகை ஆசிரியரும் இதே உரிமை மீறல் வழியில் தண்டிக்கப்பட்டவர்தான். சின்னப் பத்திரிகைங்கிறதால அந்தக் கதை இன்னைக்கு யாருக்கும் ஞாபகமில்லை.

மூணு: 1988 ஜனவரி 28. எம்.ஜி.ஆர். மறைஞ்சு ஒரு மாசம்தான் ஆகியிருக்கு. கட்சி ரெண்டு துண்டு. முதல்வர் ஜானகி பெரும்பான்மையை நிரூபிக்கணும். அன்னைக்குச் சபாநாயகர் நெடுஞ்செழியன் உட்பட சிலருக்கு உறுப்பினர் பதவியே இல்லைன்னு அறிவிச்சாரு. அவைக்குள்ள அடிதடி, போலீஸ் உள்ளே வந்து தடியடி. கடைசியில், இருக்கிறவங்களில் பெரும்பான்மை போதும்னு ஓட்டெடுத்து, ஆதரவு 99, எதிர்ப்பு 8, அரசு ஜெயிச்சதுன்னு முடிவு. 234 பேர் கொண்ட சபையில் 99ங்கிறது பாதிகூட இல்லை. ரெண்டே நாளில், ஜனவரி 30ம் தேதி, மத்திய அரசு ஆட்சியைக் கலைச்சுட்டுது.

பாண்டியன் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். வெளியேற்றமும் சிறைத்தண்டனையும் அவை போட்ட தீர்மானங்கள், அவர் ஒத்தை ஆளாப் போட்ட உத்தரவு இல்லை. இருக்கிறவங்களில் பெரும்பான்மைங்கிறதும் அவர் கண்டுபிடிச்சதில்லை, அதே 189வது பிரிவில் உள்ளதுதான். ஆனா யார் 'இருக்கிறவங்க'ன்னு முடிவு பண்றதும் அவர் கையிலேயே இருந்ததுதான் வினை. பந்தியில் பரிமாறுறவன் நியாயமாத்தான் பரிமாறினான், சரி. வாசல்ல நின்னு பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினது யாரு?

இத்தனைக்குப் பிறகும் 1989 தேர்தலில் அவர் ஜெயிச்சாரு! ஜானகி அணிக்குக் கிடைச்சதே ரெண்டு இடம், அதில் ஒண்ணு சேரன்மகாதேவி. ஜானகியே ஆண்டிபட்டியில் தோத்துட்டாங்க. சென்னையில் நடந்ததை எங்க ஆத்தங்கரை வாக்காளர் வேற தராசில் நிறுத்திருக்கார். நம்ம ஊர் ஆளு, நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்த ஆளுங்கிற தராசு. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா அந்தத் தராசில் சட்டமன்றக் கணக்கு ஏறாதுங்கிறதையும் ஒத்துக்கணும்.

சரி, இதெல்லாம் ஒரு தனி மனுஷனோட குணமா? அப்படிச் சொல்லிட்டுப் போறது சுலபம். வேர் வேற இடத்தில் இருக்கு. அவையின் உரிமைகள் என்னென்னன்னு சட்டம் போட்டுத் தொகுக்கிற வரைக்கும் பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு இருந்த உரிமைகளே நமக்கும்னு 194(3) பிரிவு சொல்லுச்சு. பிறகு திருத்தம் வந்து காமன்ஸ் பேரை எடுத்தாங்க, சரக்கு அப்படியே இருக்கு. எது உரிமை மீறல், அதுக்கு என்ன தண்டனைன்னு எழுதின சட்டம் இன்னும் இல்லை. எழுதாத சட்டத்துக்கு வானம்தானே எல்லை?

இங்கே விகடன் ஆசிரியரை உள்ளே தள்ளின அதே 1987ல் ஆஸ்திரேலியா என்ன பண்ணுச்சு தெரியுமா? நாடாளுமன்ற உரிமைகளுக்குன்னே ஒரு சட்டம் போட்டுது. அதில் ரெண்டு விஷயம் பாருங்க. சபையையோ உறுப்பினரையோ விமர்சிச்சு வெளியே எழுதினா மட்டும் குற்றமாகாது. உறுப்பினரைப் பதவி நீக்கி வெளியேற்றும் அதிகாரம் சபைக்குக் கிடையாது. நம்ம முதல் ரெண்டு சம்பவத்துக்கும் அவங்க பதில் எழுதி வச்ச மாதிரி இல்லை?

நாம தொகுக்கலை. அதனால கதை தொடர்ந்துது. 2003 நவம்பரில் இதே சபை 'தி இந்து', 'முரசொலி' ஆசிரியர்களுக்கு 15 நாள் சிறைன்னுச்சு. உச்ச நீதிமன்றம் தடுத்துது. 2017 பிப்ரவரி 18ல் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை ஓட்டெடுப்பு. தி.மு.க. உறுப்பினர்களைத் தூக்கி வெளியே போட்டாங்க, மத்த எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு. ஓட்டு 122, எதிர்ப்பு 11. அந்தப் பதினொண்ணு ஓ.பன்னீர்செல்வம் அணி. அப்போ அந்த அணியோட நின்ன மூத்தவர் யாரு? நம்ம பி.எச்.பாண்டியன்! 1988ல் 8 பேர் நின்ன இடத்தில் 2017ல் அவர் பக்கத்து ஆளுங்க நிக்கிறாங்க.

இதை விதின்னு சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. அதிகாரத்துக்கு எல்லை எழுதலைன்னா அது எப்பவும் நாற்காலியில் இருக்கிறவங்க பக்கம்தான் இருக்கும். இன்னைக்கு நீங்க, நாளைக்கு உங்க எதிராளி.

பதிவர் மக்களே, இது நமக்கும் சம்பந்தப்பட்டதுதான். விகடனுக்குப் பின்னால லட்சக்கணக்கில் வாசகர்கள் இருந்தாங்க, ரெண்டு மூணு நாளில் கதவு திறந்துது. நாப்பது பேர் படிக்கிற வலைப்பூவில் ஒரு நக்கல் பதிவு போட்டவனுக்கு யாரு கண்டனக் கூட்டம் போடுவா? அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வர்ற அண்ணாச்சிகிட்ட ரோடு, தண்ணியோட இதையும் கேளுங்க: "அந்த உரிமைகளை எழுதி வைக்க ஒரு மசோதா கொண்டு வருவீங்களா?" பதில் என்ன வந்துதுன்னு மறக்காமப் பின்னூட்டத்தில் சொல்லுங்க.