நீதிமன்றத்தில் மரியாதைச் சொல்

சென்னைத் துறைமுகத்தை அடுத்துச் செந்நிறக் கோபுரங்களோடு விளங்கும் உயர்நீதிமன்றக் கட்டடம் 1892-இல் திறக்கப்பெற்றது. அம்மன்றமோ 1862-இலேயே நிறுவப்பட்டுவிட்டது. அதனோடு ஆங்கில நாட்டு வழக்காடு மரபும் வேரூன்றியது. நீதிபதி 'மை லார்ட்' என விளிக்கப்பட்டார். எதிர்வாதம் புரிபவர் 'கற்றறிந்த நண்பர்' ஆனார். தமிழில் மனு எழுதியோரும் 'கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்திற்கு' என்றே தொடங்கினர்.

இச்சொற்களுக்கு ஒரு பயன் உண்டு. 'பணிவோடு சமர்ப்பிக்கிறேன்' என்ற முகவுரையோடு, நீதிபதியின் கருத்து பிழையானது என்பதையே ஒரு வழக்கறிஞர் அஞ்சாது எடுத்துரைக்கலாம். கருத்து மோதும், பகை மூளாது.

ஆயினும் 'பிரபு' என்னும் பொருள்தரும் விளி, விடுதலை பெற்ற நாட்டுக்குப் பொருந்துமா என்ற வினா எழுந்தது. 2006-இல் இந்திய பார் கவுன்சில், 'மாண்புமிகு நீதிமன்றம்' போன்ற விளிகளே போதும் என விதி வகுத்தது. 2009-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு, தம்மை 'மை லார்ட்' என அழைக்க வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். அவ்விளி கட்டாயமன்று, கண்ணியமாக அழைத்தால் போதும் என 2014-இல் உச்சநீதிமன்றமும் கூறியது.

நீதிபதிக்குரிய மரியாதை பற்றி இவ்வளவு பேசப்பட்டது. சாட்சிக் கூண்டில் நிற்பவருக்குரிய மரியாதை யாது? 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கீழ்நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தது. ஆங்கிலத்தில் எவரையும் ஒரே சொல்லால் முன்னிலைப்படுத்தலாம். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ராயபுரத்து மீனவரும் எண்ணூர்த் தொழிலாளியும் கூண்டேறும்போது எச்சொல் அவர்களுக்கு வழங்கப்படுகிறது?

எழுத்தில் அதற்கு விடை கிடையாது. சாட்சியம் வழக்கமாக வினா விடையாக அன்றி, சாட்சியே தொடர்ந்து உரைத்ததுபோல் பதிவாகிறது. 'நான் பொய் சொல்கிறேன் என்றால் சரியல்ல' என்ற வரி இருக்கும். கேட்டவர் 'நீ' என்றாரா, 'நீங்கள்' என்றாரா என்பது இராது. மேல்முறையீட்டு மன்றமும் அதனை அறிய இயலாது. எனவே அவ்வேளையில் மன்றத்தில் வீற்றிருக்கும் நீதிபதி ஒருவரே காவல். இழிவுபடுத்தும் நோக்குடைய வினாவை அவர் தடுத்தாக வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமும் அந்நெறியைப் பேணுகிறது.

நம் அறிஞர் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹலரத் அலீ (ரலி) அவர்கள்மீது யூதர் ஒருவர் முறையிட்டார். விசாரித்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அலீ (ரலி) அவர்களை 'அபுல் ஹஸனே' என விளித்தார்கள். 'இன்னாரின் தந்தை' என அழைப்பது அரபு மரபில் சிறப்பு விளியாகும். அலீ (ரலி) அவர்களின் முகம் வாடியது. யூதருக்கு எதிரே நிறுத்தியதற்காக அன்று. அவருக்கு வழங்காத சிறப்பைத் தமக்கு மட்டும் வழங்கியதற்காக!

நீதியின் தராசு தீர்ப்பில் மட்டும் அசைவதில்லை. விளிக்கும் முதற்சொல்லிலேயே அது அசையத் தொடங்கிவிடுகிறது.