மீண்டும் முருங்கை மரம் ஏறிய மந்திரவாதி

பழைய அலமாரியை ஒழிக்கும்போது இரண்டு பிரெஞ்சுப் புத்தகங்கள் கையில் சிக்கின. காலிமார் பதிப்பகத்தின் சிறுவர் வரிசை, 'நீயே கதாநாயகன்' என்ற வகை. இன்றைய பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

முதல் புத்தகம் நெருப்பு மலை மந்திரவாதியின் கதை. ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் எழுதி 1982-ல் லண்டனில் வெளியானது. குகைக்குள் வரும் ஆறு வரை ஒருவர், ஆற்றைத் தாண்டியபின் மற்றவர் என்று பங்கு பிரித்து எழுதினார்களாம். மொத்தம் 400 பத்திகள். வலப்பக்கம் போனால் இந்த எண், கதவைத் திறந்தால் அந்த எண். கடைசியில் மந்திரவாதியின் பெட்டியைத் திறக்க மூன்று சாவிகள் வேண்டும். அவற்றின் எண்களைக் கூட்டினால் அடுத்த பத்தி. ஃபைல் எண்ணைத் தேடியே காலம் தள்ளிய குமாஸ்தாவுக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது? (பிரெஞ்சில் ரேமோன் கெனோ 1967-லேயே இப்படிக் கிளை பிரியும் ஒரு குட்டிக் கதை எழுதிவிட்டார். ஆனால் அதில் பகடையும் இல்லை, பூதமும் இல்லை.)

விடுமுறைக்கு பிரான்ஸிலிருந்து வந்த அக்கா மகன் அதை என்னிடம் விட்டுப் போனான். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. நான் பிரெஞ்சில் படித்தவன். அவனை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தேன். அதில் என் தகப்பனாருக்குக் கடைசிவரை மனக்குறைதான். இரவில் நான் பத்தியைப் படித்துத் தமிழில் சொல்வேன். அவன் பகடை உருட்டுவான், பென்சிலால் கணக்கு எழுதுவான். அபில்தே, ஆந்துரான்ஸ், ஷான்ஸ். அதாவது திறமை, தெம்பு, அதிர்ஷ்டம். என் வீட்டில் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்த பிரெஞ்சு இந்த மூன்று சொற்கள்தான். அதிர்ஷ்டத்தைச் சோதிக்கும்போதெல்லாம் அதில் ஒரு புள்ளி குறையும் என்ற விதி அவனுக்குப் பிடிக்கவே இல்லை. "ஜெயிச்சாலும் ஏம்ப்பா குறையுது?" என்று சண்டை போடுவான்.

இரண்டாவது புத்தகம்தான் நான் சொல்ல வந்தது. முதல் கதை வந்து பத்து ஆண்டு கழித்து, 1992-ல், லிவிங்ஸ்டன் மட்டும் தனியாக எழுதிய தொடர்ச்சி. அந்த வரிசையில் 50-ஆவது. அதோடு முடித்துக்கொள்வதாகத்தான் இருந்தார்கள். நன்றாக விற்றதால் வரிசை 59 வரை ஓடியது. செத்த மந்திரவாதி மறுபடி எழுந்துவிட்டான். அவன் பெயர் ஸாகோர். கதையிலும் பத்து வருஷம் கழிந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு வழியில் போய் முடித்த கதைக்கு எப்படித் தொடர்ச்சி எழுதுவது? அவர் செய்தது எளிது. யாரோ ஒருவன் அன்றைக்கு ஜெயித்தான், இப்போது போகிறவன் நீ. அவ்வளவுதான்.

படங்கள் முதல் நூலைவிட இருட்டாக, பயமாக இருக்கும். ஆட்டமும் கடினம். எண் பொறித்த தங்க டிராகன் பற்களைத் தேடிச் சேர்க்காமல் ஸாகோரை எதிர்க்கப் போனால் பகடை எவ்வளவு நன்றாக விழுந்தாலும் பயனில்லை. இணைப்பு இல்லாத மனுவைத் திருப்பி அனுப்புவது போலத்தான். முதல் நூலில் வழி தவறி அலைவதிலேயே ஒரு சுகம் இருந்தது. இதில் அது குறைவு என்பது என் அபிப்பிராயம்.

அக்கா மகன் இதைத் தபாலில் அனுப்பியபோது என் மகன் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் மேஜையில் நான் மட்டும் பகடை உருட்டினேன். மூன்று முறை செத்தேன். சொல்லிச் சிரிக்க ஆளில்லாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தவன் புத்தகத்தைப் புரட்டினான்.

"எந்த நம்பர்ல இருக்கீங்கப்பா?"

"செத்துட்டேன்டா. பல்லு கிடைக்கல."

பழைய பகடை எங்கே என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். "ஒண்ணுலேர்ந்து படிங்க" என்று சொல்லிவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.