பேராக் ரசிகர்களின் ஆல்-டைம் ஃபேவரிட் யார்? பதில் உங்கள் வயதில் இருக்கிறது

ஈப்போவில் எந்த மாமாக் கடையில் வேண்டுமானாலும் உட்காருங்கள். "பேராக் டீமுக்கு ஆடினவங்கள்ல பெஸ்ட் யாரு?" என்று ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிடுங்கள். தே தாரிக் ஆறுவதற்குள் நான்கு பெயர்கள் வந்துவிடும். தாத்தா ஒன்று சொல்வார், அப்பா வேறொன்று சொல்வார். நீங்கள் சொல்லும் பெயரைக் கேட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இதில் யார் சொல்வது சரி? இந்தப் பட்டியல்கள் எப்படி உருவாகின்றன? அதில் நம்ம ஆட்களின் பெயர் ஏன் அடிக்கடி விடுபடுகிறது?

முதலில், பேராக்கின் வரலாறு சுருக்கமாக

மலேசியக் கிண்ணப் போட்டி 1921-இல் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் தொடங்கியது. பேராக் அதை எட்டு முறை வென்றிருக்கிறது: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018.

அந்த ஆண்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். 1970-க்கும் 1998-க்கும் நடுவே 28 ஆண்டுகள். 2000-க்கும் 2018-க்கும் நடுவே 18 ஆண்டுகள். ஒரு தலைமுறை வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, பிள்ளை பெறும் அளவுக்கு நீண்ட காத்திருப்பு அது.

நடுவில் வேறு கிண்ணங்கள் வந்தன. எஃப்ஏ கிண்ணம் 1990-இல் முதன்முதலாக நடந்தபோது வென்றது பேராக்தான். 2004-இல் அதை மறுபடியும் வென்றது. 2002, 2003 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லீக் பட்டமும் கிடைத்தது.

வயதுக்கும் ஃபேவரிட்டுக்கும் என்ன தொடர்பு?

நெதர்லாந்தில் 619 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. உலகின் தலைசிறந்த ஐந்து காற்பந்து ஆட்டக்காரர்கள் யார் என்று கேட்டார்கள். யொஹான் கிரைஃப், பெலே, மரடோனா ஆகிய மூவரும் அதிகம் சொல்லப்பட்டார்கள். 2012-இல் வெளிவந்த அந்த ஆய்வில் சுவாரசியமான விஷயம் வேறு. ஒருவர் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர் தம் விளையாட்டு வாழ்க்கையின் நடுப்பகுதியில் இருந்தபோது, தேர்ந்தெடுத்தவரின் வயது என்ன என்று கணக்கிட்டார்கள். அதிகம் வந்த வயது 17.

பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் நடந்தவை நம் மனத்தில் மற்ற காலத்தைவிட அழுத்தமாகப் பதிகின்றன என்று உளவியல் சொல்கிறது. அப்போது கேட்ட பாட்டு, பார்த்த படம் போலத்தான் அப்போது பார்த்த ஆட்டக்காரரும்.

இதைப் பேராக்குக்குப் போட்டுப் பார்ப்போம். 1970-இல் 17 வயதில் இருந்தவர் 1953-இல் பிறந்தவர். அவர் உங்கள் தாத்தா. 2002-இல் 17 என்றால் 1985-இல் பிறந்தவர். அது உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ. 2018-இல் 17 என்றால் 2001-இல் பிறந்தவர். ஒருவேளை அது நீங்களே!

யார் யார் பெயர் வரும்?

தாத்தா தலைமுறை: ஈப்போவில் பிறந்த கோல் காவலர் சௌ சீ கியோங்கின் பெயர் கட்டாயம் வரும். 1960-களின் பிற்பகுதியில் ஆசியாவின் தலைசிறந்த கோல் காவலர் என்று பேசப்பட்டவர். பிறகு ஹாங்காங் கிளப்புகளுக்குப் போய் அங்கேயும் பெயர் வாங்கினார். 2018-இல் காலமானார்.

அப்பா தலைமுறை: காலிட் ஜம்லுஸ், லைபீரியாவிலிருந்து வந்த ஃபிராங்க் சியாத்தோர். இந்தத் தாக்குதல் ஆட்டக்காரர்களின் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். அதே 2000-களில் பேராக் ஜெர்சி போட்ட இன்னும் இருவர் கே. நந்தகுமார், கே. ராஜன். இருவரும் தேசிய அணிக்கும் ஆடியவர்கள்.

உங்கள் தலைமுறை: 2018 இறுதியாட்டம். திரெங்கானுவுடன் 3-3 என்ற சமநிலை, பிறகு பெனால்டியில் 4-1. பயிற்றுநர் மெஹ்மெட் டுராகோவிச். கோல் காவலர் ஹஃபிசுல் ஹக்கிமை அந்த இரவுக்காகவே பலர் மறக்க மாட்டார்கள். ஜே. பார்த்திபன் இருந்த அணியும் அதுதான். ஒரு சின்னத் தகவல்: 1998-இலும் பேராக் இறுதியாட்டத்தில் சந்தித்தது திரெங்கானுவைத்தான். அப்போதும் பெனால்டியில்தான் வென்றது.

'பெஸ்ட்' வேறு, 'ஃபேவரிட்' வேறு

பெஸ்ட் யார் என்று கேட்டால் கோல், கிண்ணம், ஆடிய ஆட்டங்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். ஃபேவரிட் என்பதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. ஆனாலும் ரசிகர்கள் பேசுவதைக் கவனித்தால் நான்கு விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன:

- நம்ம ஊர்ப் பிள்ளையா?
- கஷ்ட காலத்திலும் அணியை விட்டுப் போகாமல் இருந்தாரா?
- மறக்க முடியாத ஒரு தருணத்தைத் தந்தாரா?
- திடலுக்கு வெளியே எப்படி நடந்துகொண்டார்?

முதல் கேள்விதான் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ரொம்ப நெருக்கமானது. மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் சில 1877-இல் நடப்பட்ட இடம் கோலக்கங்சார். சுங்கை சிப்புட் வட்டாரம் முழுக்க ரப்பர் தோட்டங்கள் இருந்தன. லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, பக்கத்தில் ஒரு திடல். காலையில் பால் மரம் வெட்டப் போனவர்கள் சாயங்காலம் அந்தத் திடலில்தான் பந்து உதைத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது பல திடல்கள் காணாமல் போயின. அங்கே ஆடியவர்களின் பெயர்களும் கூடவே போய்விட்டன. மாநில அணி வரை வந்தவர்களின் பெயர் மட்டுமே பத்திரிகையில் மிஞ்சியது.

காற்பந்துக்கு வெளியே ஒருவர்

பேராக் மண்ணின் ஆல்-டைம் ஃபேவரிட் என்று விளையாட்டு வித்தியாசம் பார்க்காமல் கேட்டால், டாக்டர் எம். ஜெகதீசனை விட்டுவிட முடியாது. 1943-இல் கோலக்கங்சாரில் பிறந்தவர். 16 வயதில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம் வாங்கினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017-இல்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் அதை முறியடித்தார்.

'பறக்கும் டாக்டர்' என்று அவரை அழைத்தார்கள். ஓடிக்கொண்டே மருத்துவம் படித்தவர், பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சித் துறையில் உயர் பொறுப்புகளை வகித்தார். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அவருக்குப் போட்டுப் பாருங்கள்.

இணையத்தில் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

இது பெயர்ப் பிரச்சினை. நமக்கு முன்னெழுத்து என்பது அப்பா பெயர். உள்ளூர்ப் பத்திரிகை 'கே. நந்தகுமார்' என்று எழுதும். அனைத்துலகத் தரவுத்தளங்களோ அப்பா பெயரையும் சேர்த்து முழுசாகப் போடும். வெளிநாட்டில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு கூடவே இருக்கும் அந்தப் பெயர்தான் ஆட்டக்காரரின் பெயர் என்று நினைத்துக்கொள்வார். அது அப்பா பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ரோமன் எழுத்தில் இன்னொரு குழப்பம். பார்த்திபன் என்ற ஒரே பெயரை 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். ஒரே ஆளின் பதிவுகள் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் சிதறிக் கிடக்கும். தேடும்போது முன்னெழுத்தோடு ஒரு முறை, அப்பா பெயரோடு ஒரு முறை, எழுத்துக்கூட்டலை மாற்றி ஒரு முறை தேடிப் பாருங்கள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

பேராக் எஃப்சி 2025-26 பருவத்துக்கு முன்பு மலேசிய லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. எட்டு முறை மலேசியக் கிண்ணம் வென்ற கிளப்பின் பெயர் அந்தப் பருவத்தின் பட்டியலில் இல்லை. இன்று 12 வயதில் இருக்கும் ஈப்போ பிள்ளைக்கு இன்னும் ஐந்து ஆண்டுகளில் 17 வயதாகும். அந்த வயதில் அவன் மனத்தில் பதியப்போகும் பேராக் ஆட்டக்காரர் யார்? உள்ளூரில் பார்க்க ஓர் அணி இல்லாவிட்டால் அவன் சொல்லப்போவது ஐரோப்பிய கிளப் பெயர்களாகத்தான் இருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இந்த வாரம் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள்: "உங்களுக்குப் பிடிச்ச பேராக் பிளேயர் யாரு? உங்க தோட்டத்து டீம்ல யாரு நல்லா ஆடுவாங்க?" பதிலை ஃபோனில் பதிவு செய்யுங்கள். ஆட்டக்காரரின் முழுப் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்த இடத்தில் ஆடினார் என்ற ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய படம் ஏதாவது இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள். பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.